எட்ஸியில் கடை போடலாமா? குரோஷா பொம்மை விற்கிறவளின் கணக்கு

குரோஷா, அதாவது கொக்கி ஊசியில் நூல் பின்னல், போடுகிற நாலு பேர் ஒரு இடத்தில் கூடினால் எட்ஸி என்ற இணையச் சந்தையின் பேச்சு வராமல் இருக்காது. "இந்தப் பொம்மைக்கு ஃபாரின்ல நல்ல விலை கிடைக்குமே, எட்ஸில போட வேண்டியதுதானே?" என்று கேட்காத சித்தியும் இல்லை, பக்கத்து வீட்டு அக்காவும் இல்லை. கேட்கிறவர்கள் யாரும் அங்கே கடை வைத்துப் பார்த்தவர்கள் இல்லை என்பது வேறு விஷயம். நான் வைத்திருக்கிறேன். உல்லன் நூலிலும் பருத்தி நூலிலும் போட்ட பொம்மைகள், அப்புறம் அந்தப் பொம்மைகளை எப்படிப் போடுவது என்று வரிசை வரிசையாக எழுதிய பேட்டர்ன், இரண்டையும் அங்கே விற்கிறேன். அதனால் இதை ஒரு சேவைக்கான விமர்சனமாகவே எழுதுகிறேன். காசு கொடுக்கிறோம், பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொத்தமாக ஐந்துக்கு மூன்று. பேட்டர்ன் மட்டும் விற்கிறவர்களுக்கு நாலு. இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு, கையால் போட்ட பொம்மையை மட்டும் நம்பி, வேலையை விட்டுவிட்டு இறங்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டுதான் தருவேன், அந்த இரண்டும் தாராளம்.

எட்ஸி 2005-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆரம்பித்தது. ராப் கேலினும் அவருடைய நண்பர்களும் தொடங்கியபோது கைவேலைக்காரர்கள் தாங்கள் செய்ததைத் தாங்களே விற்கும் இடம் என்பதுதான் பேச்சு. 2013-இல் வெளி உற்பத்தியாளர்களிடம் கொடுத்துச் செய்து வாங்கி விற்கவும் அனுமதித்தார்கள். 2015-இல் பங்குச் சந்தைக்குப் போனார்கள். 2024-இல் ஒவ்வொரு பொருளுக்கும் இது விற்பவரே செய்ததா, வடிவமைத்தது மட்டுமா, தேடிப் பிடித்து விற்கிறாரா என்று ஒரு அடையாளம் வைக்கச் சொன்னார்கள். இந்த மூன்று வருடங்களை வரிசையாகப் பார்த்தாலே கதை புரியும்: முதலில் கதவைத் திறந்துவிட்டு, பிறகு உள்ளே வந்தவர்களுக்கு அட்டை மாட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே உங்கள் பக்கத்துக் கடை ஒரு ஆளாகவும் இருக்கலாம், முப்பது பேர் வேலை செய்யும் கூடமாகவும் இருக்கலாம். வாங்குகிறவர் இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்க்கிறார், விலையையும் ஒரே பக்கத்தில் பார்க்கிறார்.

தேர்த்திருவிழாவில் கடை போடுவதைப் போலத்தான் இது. கூட்டம் நிஜம், ஆனால் கூட்டம் கோயிலுக்கு வந்தது, உங்களுக்கு வந்ததல்ல. தரை வாடகையை யார் எப்போது ஏற்றினாலும் கடைக்காரர் பேச்சு எடுபடாது.

கடை திறப்பது சுலபம். வங்கி விவரம், அடையாள அட்டை, கடைக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களிடம் ஒரு தொடக்கக் கட்டணமும் கேட்கலாம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது தேடல் பற்றி.

ஒரு பொருளை ஏற்றும்போது தலைப்புக்கு 140 எழுத்துகள், அப்புறம் 13 டேக், அதாவது தேடுகிறவருக்குப் பொருளைக் காட்ட உதவும் குறிச்சொல், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும். இந்தப் பதின்மூன்று பெட்டிகள் ஒரு கைவேலைக்காரிக்குக் கற்றுக்கொடுப்பதைப் பணம் கட்டிப் போகும் வகுப்புகள் கற்றுக்கொடுக்காது என்று துணிந்து சொல்வேன். நாம் ஆசையாகப் போட்ட யானைக்கு "கஜலட்சுமி" என்று பெயர் வைக்கிறோம். அமெரிக்காவில் ராத்திரி பதினோரு மணிக்குத் தேடுகிறவர் "கஜலட்சுமி" என்று தேடமாட்டார். குழந்தை அறைக்குச் சாம்பல் நிற யானை, தங்கைக்கு வளைகாப்புப் பரிசு, முதல் பிறந்தநாள் பரிசு, இப்படித்தான் தேடுவார். அதாவது பொருளின் பெயரைத் தேடுவதில்லை, தன் வீட்டில் நடக்கப்போகும் விசேஷத்தைத் தேடுகிறார். இதைப் புரிந்துகொண்டு டேக் எழுதினால் அடுத்து எந்தப் பொம்மை போடுவது என்பதே மாறிவிடும். எனக்குப் பிடித்த அடர் ஊதா ஆந்தை அங்கே தூங்கிக்கொண்டே இருக்கும், எனக்குச் சலிப்புத் தரும் வெளிர்ச் சாம்பல் யானை போய்க்கொண்டே இருக்கும். கடையின் புள்ளிவிவரப் பக்கத்தில் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று காட்டுகிறார்கள். எட்ஸியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பக்கம்தான். சொந்தக்காரர்கள் "சூப்பரா இருக்கு" என்பார்கள், காசு கொடுக்கமாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எந்தச் சொல்லைத் தட்டி வந்தார், எந்தப் படத்தில் நின்றார், வாங்கினாரா போய்விட்டாரா என்று தெரிவது பெரிய விஷயம். மாதக் கட்டணம் என்று எதுவும் இல்லாமல் இது கிடைக்கிறது.

மாதக் கட்டணம் இல்லை. ஆனால் மற்ற கட்டணங்கள் இருக்கின்றன. இங்கேதான் பலர் கணக்குப் போடாமல் இறங்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பொருளை ஏற்ற 20 சென்ட். அது நாலு மாதம் நிற்கும், விற்றாலும் விற்காவிட்டாலும் மறுபடி 20 சென்ட். விற்றால் பரிவர்த்தனைக் கட்டணம் 6.5 சதவீதம், பொருளின் விலைக்கு மட்டுமல்ல, வாங்குகிறவர் கட்டும் தபால் செலவுக்கும் சேர்த்து. ஆம், தபால்காரருக்குப் போகும் காசிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. 2018 வரை இது 3.5 சதவீதமாக இருந்தது, தபால் செலவுக்குக் கிடையாது. அந்த வருடம் 5 ஆக்கித் தபாலையும் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் 6.5. அப்போது ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை விடுமுறை நிலையில் வைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். செய்தியில் எல்லாம் வந்தது. கட்டணம் இறங்கவில்லை.

அப்புறம் பணம் கைமாறுவதற்கு ஒரு கட்டணம், இது நாட்டுக்கு நாடு வேறு. டாலரில் விலை போட்டு ரூபாயில் வாங்கினால் நாணய மாற்றத்துக்கு 2.5 சதவீதம். கடைசியாக, வெளி விளம்பரம். எட்ஸி உங்கள் பொருளை கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் தானே விளம்பரம் செய்யும், செலவு அவர்களுடையது. ஆனால் அந்த விளம்பரத்தைத் தட்டியவர் முப்பது நாளுக்குள் உங்கள் கடையில் எதை வாங்கினாலும் மொத்தத் தொகையில் 15 சதவீதம் அவர்களுக்கு. வருடத்துக்கு 10,000 டாலருக்குக் கீழே விற்கிறவர்கள் வேண்டாம் என்று நிறுத்திவிடலாம், அமைப்புகளுக்குள் போய்த் தேட வேண்டும், தானாக நிற்காது. 10,000 டாலரைத் தாண்டிவிட்டால் 12 சதவீதம், நிறுத்தவே முடியாது. கொஞ்சம் நன்றாக விற்றால் விருப்பம் பறிபோகும் என்ற இந்த ஏற்பாடுதான் எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

சரி, யானையை வைத்துப் பார்ப்போம். பொம்மை 30 டாலர், தபால் 12 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் 42 கட்டுகிறார். 6.5 சதவீதம் என்றால் 2.73. ஏற்றிய கூலி 0.20. விளம்பரம் வழியாக வந்திருந்தால் 6.30. தபால் 12 தபாலுக்கே போய்விடும். மிச்சம் 20.77. நூல், பஞ்சு, பிளாஸ்டிக் கண், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 3 டாலர் என்றால் 17.77. ஒரு யானைக்கு ஒன்பது மணி நேரம். மணிக்கு இரண்டு டாலருக்குக் கொஞ்சம் குறைவு, நம் காசில் 170 ரூபாய்ச் சொச்சம். பணம் கைமாறும் கட்டணத்தையும் நாணய மாற்றத்தையும் இன்னும் கழிக்கவே இல்லை. விளம்பரத்தை நிறுத்தி வைத்திருந்தால் மணிக்கு 2.67 டாலர். அந்த ஒரு பொத்தானுக்கு அவ்வளவு விலை.

அந்த ஒன்பது மணி நேரத்தில் படம் எடுத்த நேரம், பதில் எழுதிய நேரம், தபால் நிலையத்தில் நின்ற நேரம் எதுவும் கிடையாது. வெறும் பின்னல் மட்டும். யானை போட்டவர்களுக்குத் தெரியும், உடம்பு பெரிய வேலை இல்லை. தலையிலிருந்து கீழே வரை சுற்றிக்கொண்டே போகலாம், டிவி பார்த்துக்கொண்டே போடலாம். தும்பிக்கைதான் உயிரை வாங்கும். சுற்றுக்கு எட்டு கண்ணிதான் இருக்கும், அதற்குள் விரல் போகாது, பென்சிலின் மழுங்கிய முனையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சைத் தள்ள வேண்டும். அதிகம் அடைத்தால் பின்னலுக்கு நடுவில் வெள்ளையாகத் தெரியும், குறைத்தால் தும்பிக்கை தொங்கிப்போகும். நாலு காலும் ஒரே உயரமாக வராவிட்டால் யானை மேசையில் ஆடும். படத்தில் இதெல்லாம் தெரியாது, கையில் வாங்கிய உடனே தெரியும். ஐந்து நட்சத்திரமா மூன்று நட்சத்திரமா என்பது அந்த நாலு காலில்தான் இருக்கிறது.

விலை விஷயத்தில் இன்னொன்று. குரோஷா பின்னலை அப்படியே போடும் இயந்திரம் தொழிற்சாலைகளில் கிடையாது. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு, குரோஷா மாதிரியே தெரியும் துணியை இயந்திரத்தில் நெய்யலாம், ஆனால் உண்மையான குரோஷா என்றால் எங்கோ ஒரு கை போட்டதுதான். மலிவாகக் கிடைக்கும் குரோஷா சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பக்கம் நர்சாபூரில் குரோஷா லேஸ் போடும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், வெள்ளைக்கார மிஷனரிகள் காலத்தில் வந்த வேலை. ஏற்றுமதி நடந்தது, வியாபாரிகள் வளர்ந்தார்கள், போட்ட பெண்களுக்கோ சொற்பக் கூலி. காரணம், அவர்கள் வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பொழுதுபோக்காகப் போடுகிறார்கள் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். நம் பக்கம் நாகர்கோவிலிலும் 1820-களிலேயே மிஷன் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து விற்றிருக்கிறார்கள். இருநூறு வருடம் ஆகிவிட்டது, இன்னும் "சும்மா இருக்கிற நேரத்துல போடுறதுதானே, ஏன் இவ்ளோ விலை?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களை விடுங்கள், நாமே நம் விலைச்சீட்டில் அதைத்தான் எழுதிவைக்கிறோம். எட்ஸியில் நம் ஊர்க் கடைகள் பலவற்றில் நூல் விலையோடு கொஞ்சம் சேர்த்து, அவ்வளவுதான் விலை. ஐரோப்பாவிலிருந்து விற்கிறவர் அதே அளவு பொம்மைக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போட்டிருப்பார், அவருக்கும் விற்கிறது. குறைந்த விலை போட்டால் நிறைய விற்கும் என்பது பிஸ்கட்டுக்குச் சரி. ஒன்பது மணி நேரம் பிடிக்கும் பொருள் நிறைய விற்றால் நமக்குத்தான் ஆபத்து, போடுவதற்குக் கை எங்கே?

அதனால்தான் பேட்டர்ன். பொம்மையை எப்படிப் போடுவது என்று எழுதி, படம் வைத்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிட்டால் வாங்கியவர் தானே இறக்கிக்கொள்வார். தபால் இல்லை, சுங்கம் இல்லை, பஞ்சு இல்லை. ஒரு தடவை எழுதியது திரும்பத் திரும்ப விற்கும். ஆனால் இதிலும் வேலை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. நமக்குக் கைப்பழக்கத்தில் வருவதை இன்னொருவருக்குப் புரிகிற மாதிரி எழுதுவது தனி வித்தை. அமெரிக்கப் பெயர்களும் பிரிட்டிஷ் பெயர்களும் வேறு வேறு, பிரிட்டிஷ்காரர் டபுள் என்பது அமெரிக்கருக்கு சிங்கிள், எதைப் பயன்படுத்துகிறோம் என்று முதல் பக்கத்திலேயே போட வேண்டும். கண்ணி எண்ணிக்கை ஒவ்வொரு வரியின் முடிவிலும் இருக்க வேண்டும். இரண்டு பேரிடமாவது கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லி, அவர்கள் எந்த வரியில் முழிக்கிறார்கள் என்று பார்த்துத் திருத்திய பிறகுதான் விற்க வேண்டும். இப்படிச் செய்தால் கடைக்கு நல்ல பெயர் வரும், ஒரு பேட்டர்ன் வாங்கியவர் மறுபடி வருவார். பேட்டர்ன் மட்டும்தான் என்றால் ரேவல்ரி என்ற தளமும் இருக்கிறது, பின்னல்காரர்களுக்காகவே 2007-இல் தொடங்கியது. அங்கே வருகிறவர்கள் எல்லோருக்கும் ஊசி பிடிக்கத் தெரியும். எட்ஸியில் பரிசு வாங்க வந்தவரும் வருவார், இரண்டிலும் வைப்பதில் தப்பில்லை.

பேட்டர்ன் பக்கத்தில் எட்ஸி மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை, போலிகள். செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தைக் குரோஷா பொம்மை என்று போட்டு, உள்ளே ஒன்றுக்கொன்று ஒட்டாத வரிகளை வைத்து விற்கிறார்கள். பழகின கண்ணுக்குப் படத்தைப் பார்த்தாலே தெரியும், பின்னல் ஒரு திசையில் போகாது, கண்ணிகள் பாதியில் காணாமல் போகும். புதிதாகக் கற்கிறவர்களுக்குத் தெரியாது, வாங்கி ஏமாந்து "எனக்குத்தான் வரவில்லை போல" என்று விட்டுவிடுவார்கள். தளம் இன்னும் கடுமையாக இருக்கலாம். நம் பங்குக்குச் செய்யக்கூடியது, பாதி போட்ட பொம்மையின் படத்தையும் உள்பக்கத்தின் படத்தையும் போடுவது. கையும் ஊசியும் தெரிகிற படம் நன்றாக வேலை செய்கிறது.

திருட்டு மறுபக்கமும் உண்டு. பிக்காச்சு, எல்சா, மிக்கி என்று கார்ட்டூன் பாத்திரங்களைப் போட்டுப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், விற்கவும் செய்யும், ஒரு நாள் காணாமல் போகும். 2020 தொடக்கத்தில் டிஸ்னி கேட்டதற்காக பேபி யோடா பொம்மைகள் எட்ஸியிலிருந்து தூக்கப்பட்டது நினைவிருக்கும். கையால் போட்டது என்பதால் உரிமை நமக்கு வந்துவிடாது. அப்படி விற்றுச் சேர்த்த விமர்சனங்களும் வாடிக்கையாளர்களும் கடையோடு சேர்ந்து போகும். நம் ஊர்க் கற்பனை எவ்வளவோ கிடக்கிறது: தஞ்சாவூர்த் தலையாட்டி, ஜல்லிக்கட்டுக் காளை, கொலுவில் செட்டியார் பொம்மை. இதற்கெல்லாம் யாரும் ராயல்டி கேட்கமாட்டார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் கொலுவுக்கு உடையாத பொம்மை தேடுகிறார்கள், கண்ணாடி மாதிரி சுற்றி அனுப்ப வேண்டியதும் இல்லை.

இனி பொம்மை என்ற பொருளுக்கே உரிய தலைவலி. குழந்தைகள் பொருள் என்றால் எல்லா நாட்டிலும் சட்டம் உண்டு. அமெரிக்காவில் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பொம்மைக்குப் பாதுகாப்புச் சோதனை வேண்டும், வீட்டில் போட்டதும் சேர்த்துத்தான். "அலங்காரத்துக்கு மட்டும்" என்று எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் கரடி எந்தப் பெயரில் விற்றாலும் பொம்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல், வெளியிலிருந்து விற்கிறவர்கள் ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒரு ஆளையோ நிறுவனத்தையோ காட்ட வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, மாதத்துக்கு இரண்டு பொம்மை அனுப்புகிறவருக்குக் கட்டாது. இந்தியாவிலேயே விற்பதென்றாலும் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. அந்தக் கைவினைஞர் அடையாள அட்டையை இன்னும் வாங்காதவர்கள் முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

சாவிக்கொத்து, புத்தகக் குறி, பை, பூங்கொத்து என்று பெரியவர்களுக்கான பொருள் போட்டால் இந்தத் தலைவலியில் பாதி இல்லை. பலர் பொம்மையிலிருந்து குரோஷா பூவுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணம், பூவுக்குத் தும்பிக்கை கிடையாது.

ஏற்றுமதிக்கு ஐஇசி எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவருக்கு அரசு தரும் எண், வேண்டும், கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே வாங்கலாம். வருடாவருடம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் விவரத்தை உறுதி செய்யாவிட்டால் செயலிழக்கும். ஜிஎஸ்டி பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், ஒரு ஆடிட்டரிடம் காசு கொடுத்துக் கேட்டுவிடுவதே மலிவு. அஞ்சலகங்களில் ஏற்றுமதி மையங்கள் 2022-லிருந்து இருக்கின்றன, ஏற்றுமதிச் சீட்டை இணையத்தில் நிரப்பிவிட்டுப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கவுண்டரில் இருப்பவருக்கு நடைமுறை தெரிந்திருந்தால் சட்டென்று முடியும், தெரியாவிட்டால் நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். தனியார் கூரியர் விரைவு, ஆனால் யானையைவிட யானைப் பெட்டிக்குச் செலவு அதிகம். எடையைப் பார்க்காமல் பெட்டியின் அளவைப் பார்த்துக் காசு வாங்குகிறார்கள், பஞ்சு அடைத்த பொருளுக்கு அது பெரிய அநியாயம். ஒரு கூரியர்க்காரர்கள் என் பொட்டலத்தை நாடு மாற்றி அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததற்கும் என்னிடமே காசு கேட்டார்கள். பெயர் வேண்டாம், எல்லோரும் ஏறக்குறைய அப்படித்தான்.

2025-ஐப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது. அதுவரை அமெரிக்காவுக்கு 800 டாலருக்குள் போகும் பொட்டலத்துக்குச் சுங்கம் கிடையாது. நம் மாதிரி ஆட்களின் எட்ஸி வியாபாரம் முழுக்க அந்தச் சலுகைமேல்தான் நின்றது, நிறையப் பேருக்கு அது ஒரு சலுகை என்பதே தெரியாது. ஆகஸ்ட் 29-ஆம் தேதி அது போனது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் இந்தியப் பொருட்கள்மேல் 50 சதவீத வரி. விதிமுறை தெளிவில்லை என்று இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குப் பொட்டலம் வாங்குவதை நிறுத்தி, அக்டோபர் 15-இல்தான் மறுபடி தொடங்கியது, வரியை இங்கேயே கட்டிவிடும் ஏற்பாட்டோடு. நவராத்திரி போய், தீபாவளிக்கு வாங்கும் கூட்டமும் கிட்டத்தட்டப் போய்விட்டது. விகிதத்தை அனுப்புகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் எழுதுவதை நம்ப வேண்டாம். இது எட்ஸியின் தப்பில்லை, அதனால் இதற்கு நட்சத்திரம் குறைக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு நாட்டு வாடிக்கையாளரை நம்பிக் கடை வைத்தவர்களுக்கு அந்த இரண்டு மாதம் எப்படிப் போனது என்று கேட்டுப் பாருங்கள். பேட்டர்ன் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பணம் வருவது பொதுவாக ஒழுங்காக வருகிறது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தபோது சில விற்பனையாளர்களுக்குப் பணம் தாமதமானது, அதே வருடம் பலருடைய வருமானத்தில் ஒரு பகுதியை இருப்பாக நிறுத்திவைத்ததற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அங்கே சேரும் பணத்தை உடனுக்குடன் எடுத்துவிடுவது நல்லது, அடுத்த நூல் வாங்கும் பணம் அதில்தான் இருக்கிறது என்ற நிலைமை வேண்டாம்.

நன்றாக நடக்கும் கடைகளுக்கு எட்ஸி தரும் ஸ்டார் செல்லர் பட்டம் ஒன்று இருக்கிறது. வந்த செய்திகளில் 95 சதவீதத்துக்கு 24 மணி நேரத்துக்குள் பதில், 95 சதவீதம் சொன்ன நேரத்தில் அனுப்பியிருக்க வேண்டும், சராசரி 4.8 நட்சத்திரம். ஞாயிறு, தீபாவளி, காய்ச்சல் எதுவும் கணக்கில்லை. அமெரிக்கக்காரர் மத்தியானம் கேட்கும் கேள்வி நமக்கு நடுராத்திரி வரும். இந்தப் பட்டம் இருந்தால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை என்பது உண்மை. ஆனால் இதைத் துரத்த ஆரம்பித்தால் ஒரு முதலாளியிடம் பார்த்த வேலையை விட்டு வந்தவர் இன்னொரு முதலாளியிடம் வந்து சேர்ந்ததாகத்தான் ஆகும், இவர் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறவர். தானியங்கிப் பதில் ஒன்றை எழுதிவைத்துவிட்டுத் தூங்குங்கள்.

பிடித்த வேலையைத் தொழிலாக்கினால் பிடித்தம் போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகும், எதைச் செய்தால் போகும் என்பதும் தெரியும். ஒரே யானையைத் திரும்பத் திரும்பப் போட்டால் போகும். எட்ஸியின் அமைப்பு உங்களை அதை நோக்கித்தான் தள்ளும், விற்றது மேலே வரும், மேலே வந்தது இன்னும் விற்கும், கடைசியில் கடை முழுக்கச் சாம்பல் நிறம். நான் செய்வது, ஆர்டர் எடுக்கும் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்து இருப்பை அவ்வளவுதான் காட்டுவது. தீர்ந்தால் "தீர்ந்துவிட்டது" என்று இருக்கட்டும். அப்புறம் எப்போதும் விற்பனைக்கு இல்லாத ஒன்று ஊசியில் இருக்கும், அதைப் படம் எடுப்பதில்லை. சலித்துப்போன பொம்மையைப் பேட்டர்னாக்கி விற்றுவிட்டால் அதை இனி உலகம் போடட்டும், நமக்கு அடுத்தது.

அமேசானிலும் கைவினைப் பிரிவு உண்டு, ஆனால் அங்கே விலைப் போட்டி இன்னும் மோசம். இன்ஸ்டாகிராமில் கட்டணம் இல்லை, ஆனால் நாள் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும், பின்னுவது எப்போது? மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே இணையச் சந்தைகளில் விற்கலாம் என்று 2023 அக்டோபரிலிருந்து வழி இருக்கிறது, நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். சொந்தமாக இணையதளம் வைத்தால் கட்டணம் குறைவு, கூட்டமும் குறைவு. எட்ஸியில் வாங்கியவர்களை வெளியே இழுப்பது அவர்கள் விதிக்கு எதிரானது, ஆனால் பொட்டலத்துக்குள் வைக்கும் அட்டையில் கடையின் பெயர் பெரிதாக இருப்பதற்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது. பெயரை நினைவு வைத்திருப்பவர் தேடி வருவார்.

யாருக்குச் சொல்வேன்? வேறு வருமானம் இருக்கிறவர்கள், எழுதத் தெரிந்த பின்னல்காரர்கள், பெரியவர்களுக்கான சின்ன, மடங்கும், உடையாத பொருள் செய்கிறவர்கள், தைரியமாகப் போடலாம். பத்துப் பொருளோடு ஆரம்பித்தால் ஏற்றும் செலவு இரண்டு டாலர்தான். நாலு மாதம் கழித்து எந்தச் சொல்லுக்கு ஆள் வந்தார்கள் என்று பார்த்துவிட்டு மிச்சத்தை முடிவு செய்யுங்கள். வெளி விளம்பரத்தைக் கடை திறந்த அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், பிறகு வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். குழந்தைப் பொம்மை மட்டும்தான் போடுவேன் என்கிறவர்கள் முதலில் கைவினைஞர் அட்டை வாங்கி, உள்ளூர்க் கண்காட்சிகளில் விற்றுப் பார்த்துவிட்டு எட்ஸிக்கு வருவது நல்லது. கண்காட்சியில் ஆட்கள் பொம்மையைக் கையில் எடுத்து, முதலில் மேசையில் நிறுத்திப் பார்ப்பார்கள்.